கடல்வழி வந்த தீனும் கடல்கடந்து சென்ற நம் முன்னோரும்

 



வரவு செலவுக் கணக்குகளும் சந்தாதாரர் பட்டியலும் இடம்பெறும் ஆண்டறிக்கையில் வரலாற்றுக் கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. துறைமுகத்திலும் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் நம் மஹல்லா இளைஞர்கள் ஜுமுஆவுக்குப் பின் நம்மிடம் வந்து கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "ஹஜ்ரத், உங்கள் ஆட்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?" நம்மவர் பலர் பெருமையோடு, "அரபு நாட்டிலிருந்து வந்தோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவரோ, "வாளேந்தி வந்த கூட்டம்" என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார். இரண்டுமே முழு உண்மை அல்ல. இந்தக் கடற்கரையில் வாழும் நாம் அந்தக் கேள்விக்கு உரிய விடையைக் கடலிடமே கேட்டறிய வேண்டும்.

திருக்குர்ஆனின் 106-ஆம் அத்தியாயமாகிய சூரத்து குறைஷ், மக்கத்துக் குறைஷியர் குளிர்காலத்திலும் கோடைகாலத்திலும் மேற்கொண்ட வணிகப் பயணங்களைக் குறிப்பிடுவதை நாம் அறிவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று நேர்மையோடு விற்றுவந்தவர்களே. ஆகவே வணிகர் கையில் தீன் பயணம் செய்ததில் வியப்பில்லை. அரபியர் இஸ்லாத்திற்கு முன்பிருந்தே தென்னாட்டு மிளகையும் முத்தையும் தேடி வந்துகொண்டிருந்தார்கள். தீன் வந்தபோது கப்பல் புதியதல்ல, பாதையும் புதியதல்ல. கப்பலில் இருந்தவர்களின் உள்ளம் மட்டுமே புதியது.

அக்காலப் பாய்க்கப்பல்கள் காற்றின் தயவில் ஓடியவை. தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். திரும்பிச் செல்ல, காற்று திசை மாறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். நம் மார்க்கத்தின் தென்னக வரலாறு இந்தக் காத்திருப்பில்தான் தொடங்குகிறது என்பது நம் கருத்து. சரக்கை இறக்கிவிட்டு மறுநாளே புறப்படக் கூடியவனுக்கு உள்ளூர் மொழி தேவையில்லை. மாதக்கணக்கில் தங்குபவனுக்கு வீடு வேண்டும், தொழ ஓர் இடம் வேண்டும், மையித்தை அடக்க நிலம் வேண்டும், வழக்கு வந்தால் சாட்சி வேண்டும். பலர் இங்கேயே நிகாஹ் செய்துகொண்டு குடும்பம் அமைத்தார்கள். அவர்கள் மனைவியர் இம்மண்ணின் பெண்கள். பிள்ளைகளைத் தாலாட்டிய மொழி தமிழ். நம் முதல் உஸ்தாது நம் தாய்தான் என்று சொன்னால் மிகையாகாது.

வணிகம் மட்டுமே ஓர் ஊரை முஸ்லிம் ஊராக்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கடல்கடந்து வணிகம் செய்த கூட்டத்தார் உலகில் ஏராளம். அவர்கள் சென்ற இடமெல்லாம் அவர்கள் நெறி வேரூன்றிவிடவில்லை. அதற்கு மேலும் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு ஒரு செப்பேடு சான்று பகர்கிறது.

கொல்லத்தில் 849-ஆம் ஆண்டு எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு அது. சேர மன்னர் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிய ஆவணம். பட்டயத்தின் வாசகம் வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிகளின் கையெழுத்துகளோ கூஃபி எனப்படும் பழைய அரபு எழுத்திலும், பாரசீகத்தின் பஹ்லவி எழுத்திலும், யூதர்களின் ஹீப்ரு எழுத்திலும் உள்ளன. இப்ராஹீமின் மகன் மைமூன் என்பது கூஃபியில் உள்ள பெயர்களுள் ஒன்று. ஓர் இந்து ஆட்சியாளர் ஒரு கிறிஸ்தவ ஆலயத்திற்குக் கொடுத்த தானத்திற்கு முஸ்லிம் வணிகர்கள் சாட்சிக் கையெழுத்து இட்டிருக்கிறார்கள்! ஊருக்கு வந்துபோகும் அந்நியனை எவரும் பத்திரத்தில் சாட்சியாகப் போடுவதில்லை. நாளை வழக்கு வந்தால் வந்து நிற்பவன், சொன்ன சொல் மாறாதவன் என்ற நம்பிக்கை இருந்தால்தான் போடுவார்கள். இன்றும் நாம் வீட்டுப் பத்திரத்தில் யாரைச் சாட்சியாக்குகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நம் முன்னோர் இந்தத் தகுதியை ஈட்டியிருந்தார்கள். சுலைமான் என்ற வணிகரின் பெயரால் வழங்கும் அரபுப் பயணக் குறிப்பு 851-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அதிலும் சீனம் செல்லும் கப்பல்கள் தங்கும் துறையாகக் கொல்லம் குறிக்கப்பட்டுள்ளது. இரண்டு ஆவணங்களும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன.

சேரமான் பெருமாள் மன்னர் மக்கா சென்று இஸ்லாத்தை ஏற்றார் என்ற செய்தியையே நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அது மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்த மரபு. மரபை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், கையில் செப்பேடு இருக்கும்போது கதையை முன்வைப்பானேன்?

இனி நம் தமிழ்க் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையை அரபியர் 'மஅபர்' என்று அழைத்தார்கள். 'கடந்து செல்லும் இடம்' என்பது அச்சொல்லின் பொருள். இங்கு குடியமர்ந்த முஸ்லிம்களைத் தமிழர் 'சோனகர்' என்றனர். அவர்கள் 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் வழியாகவும் இயங்கினர். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உள்ளது. பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த 'சோனக சாமந்தப் பள்ளி' என்ற பள்ளிவாசலுக்கு மன்னர் அளித்த கொடையை அது பேசுகிறது. பள்ளிவாசலுக்கான கொடை பெருமாள் கோயில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படிப்போர் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் அங்கு வந்து சேர்ந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இறங்கின என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும் கூறுகிறார். அரசவை எழுத்தாளர்களின் எண்ணிக்கையை நாம் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் தரும் இன்னொரு செய்தி முக்கியமானது: வழியில் குதிரை இறந்தாலும் அதன் விலையைப் பாண்டிய அரசரின் கருவூலம் கொடுத்துவிடும் என்பது ஒப்பந்தம். கடலில் செத்த குதிரைக்கு வணிகன் சொல்வதை நம்பிப் பணம் கொடுப்பதென்றால், அந்த வணிகனின் நாணயம் எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்! கீஷ் தீவின் பெருவணிகரான ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னரின் அமைச்சராகவே விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

இவையெல்லாம் டெல்லிப் படை தெற்கே வருவதற்கு முந்தைய செய்திகள். மாலிக் காஃபூரின் படையெடுப்பு 1311-இல் நிகழ்ந்தது. அப்போது வீரபாண்டியனின் தரப்பில் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ருவே பதிவு செய்திருக்கிறார். படை வந்து இவர்களை முஸ்லிம்கள் ஆக்கவில்லை. படை வந்தபோது இவர்கள் ஏற்கனவே முஸ்லிம்கள். அதுவும் பாண்டியனின் குடிகள்.

அதன்பின் மதுரையில் 1335 முதல் சில பத்தாண்டுகள் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுள் ஒருவரான கியாசுத்தீன் தாமகானி, போரில் சிக்கிய பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா நேரில் கண்டு வெறுப்போடு எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் அந்த சுல்தான் அவருக்குச் சகலை முறை. உறவு பாராமல் உண்மை எழுதிய அந்த ஆலிமின் நேர்மை நமக்கும் வேண்டும். அந்த ஆட்சி 1370-களில் முடிந்துபோனது. காயலிலும் கீழக்கரையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த பள்ளிவாசல்களோ நின்றன, பாங்கோசை தொடர்ந்தது. அவை சுல்தான்களை நம்பி எழுந்தவையல்ல.

கடல்வழி வந்ததன் அடையாளம் நம் நாவில் இன்றும் இருக்கிறது. தரைவழியாகப் பாரசீக மொழியோடு இஸ்லாம் சென்ற வடநாட்டில் 'நமாஸ்', 'ரோஸா' என்கிறார்கள். நாமோ 'தொழுகை' என்கிறோம், 'நோன்பு' என்கிறோம். சமணரும் பௌத்தரும் தங்கள் இருப்பிடத்திற்கு வழங்கிய 'பள்ளி' என்ற பழந்தமிழ்ச் சொல்லே நம் 'பள்ளிவாசல்' ஆனது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய கல் பள்ளிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: தூண்களும் போதிகைகளும் தமிழ்நாட்டுக் கல்தச்சரின் கைவண்ணமே. உருவங்கள் இருக்கவேண்டிய இடத்தில் பூக்களும் கொடிகளும் இருக்கும்.

நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையும் ஒரு வரலாற்று ஆவணம்தான். அதில் 'அஸர் ஷாஃபிஈ' என்றும் 'அஸர் ஹனஃபி' என்றும் இரண்டு நேரங்கள் உள்ளன. ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசம். இந்த ஒரு மணி நேரத்தை வைத்து நம்மிடையே எத்தனை வாக்குவாதங்கள்! காரணம் அறிந்தால் வாதம் குறையும். யமன், மலபார், காயல், கீழக்கரை, இலங்கை, மலாய் நாடு, சுமத்ரா, ஜாவா என்று வரைபடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அத்தனைக் கரைகளிலும் ஷாஃபிஈ மத்ஹபே மேலோங்கி நிற்கிறது. கப்பல் போன பாதை அது. உள்நாட்டு ராவுத்தர்களும் உருது பேசும் நம் சகோதரர்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். வடக்கிலிருந்து தரைவழியாக வந்த பாதை இது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் துறைமுக வேலைக்காகவும் ஆலை வேலைக்காகவும் இரு சாராரும் வந்து குடியேறி, ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். சுப்ஹில் குனூத் ஓதுபவரும் ஓதாதவரும் அடுத்தடுத்து நிற்கும்போது, கடல்பாதையும் தரைப்பாதையும் ஒரே பாயில் சந்திக்கின்றன.

இதுவரை சொன்னது வந்த கதை. நம் முன்னோர் இதே கடலில் கிழக்கே கொண்டு சென்ற கதையை நாம் அதிகம் பேசுவதில்லை.

சுமத்ராவின் பாசை நாட்டில் முதல் சுல்தானாகிய மலிக்குஸ் ஸாலிஹின் கப்ரு 1297-ஆம் ஆண்டைக் காட்டுகிறது. அந்நாடு இஸ்லாத்தைத் தழுவிய விதத்தைச் சொல்லும் மலாய் மரபு நூல்கள், மக்காவிலிருந்து புறப்பட்ட கப்பல் வழியில் 'முஅதபர்' என்ற நாட்டில் தங்கியதாகவும், அந்நாட்டு அரசர் ஆட்சியைத் துறந்து பக்கீராகி அதே கப்பலில் ஏறியதாகவும் கூறுகின்றன. அந்நாடு நம் மஅபர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இதுவும் மரபுச் செய்தியே. ஆயினும், மலாய் மக்கள் தங்கள் தீன் நம் கரையைத் தொட்டு வந்ததாகத் தாங்களே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது சிறிய செய்தியல்ல. சுமார் அரை நூற்றாண்டு கழித்து அங்கு சென்ற இப்னு பதூதா, அந்நாட்டு சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர் என்று குறித்திருக்கிறார்.

மலாய் மொழியில் பள்ளிவாசல் பணி செய்பவரை, மார்க்கம் அறிந்தவரை, 'லெபை' என்பார்கள். நம் 'லெப்பை'தான் அது! கப்பலுக்கு அவர்கள் மொழியிலும் 'கபால்', கடைக்கு 'கெடாய்', வணிகத்தின் முதலுக்கு 'மோடால்'. கப்பல், கடை, முதல், லெப்பை ஆகிய நான்கு சொற்களும் ஒரே சரக்குமூட்டையில் போய்ச் சேர்ந்தவை போலும்.

அந்த மூட்டையில் இருந்தது பெரும்பாலும் துணி. இங்குதான் நம் வட்டாரம் வரலாற்றில் இடம்பெறுகிறது. எண்ணூரைக் கடந்து வடக்கே சென்றால் வரும் பழவேற்காட்டை, வெள்ளிக்கிழமை மீனும் இறாலும் வாங்கப் போகும் ஊராகவே நம்மில் பலர் அறிவோம். விஜயநகர ஆட்சிக் காலத்தில் அது பெருந்துறைமுகம். மலாக்காவின் நறுமணப் பொருள்களுக்கு ஈடாக இக்கரையின் சாயத் துணிகளே சென்றன. காசைவிடத் துணியையே அங்கு விரும்பி வாங்கினர். அதனால்தான் 1610-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வந்து அமர்ந்தார்கள். 1613-இல் ஜெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். அங்கு வாழ்ந்த மரைக்காயர்களும் லெப்பைகளும் போர்ச்சுகீசியரின் கெடுபிடியையும் டச்சுக்காரரின் கெடுபிடியையும் தாங்கித் தொழில் நடத்தினர். இன்று மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்குச் செல்லும்போது உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி; 'பெலிக்காட்' என்பது பழவேற்காடு. டச்சுக் கோட்டை இடிந்துவிட்டது. துறைமுகம் தூர்ந்துவிட்டது. நம் பக்கத்து ஊரின் பெயர் மட்டும் கடல்கடந்த நாட்டில் தினமும் ஐவேளை ருகூவும் ஸுஜூதும் செய்துகொண்டிருக்கிறது.

சென்னைப் பட்டினம் 1639-க்குப் பின் வளர்ந்தபோது இந்தத் துணி வணிகம் இங்கும் இடம்பெயர்ந்தது. கம்பெனியின் துணிகளை வெளுத்த தொழிலாளர் குடியிருப்பே நம் வண்ணாரப்பேட்டை. துறைமுகம் கட்டப்படும் முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே மூட்டைகளை அலைதாண்டிக் கொண்டு சேர்த்தன. காயல், கீழக்கரை வணிகர்கள் மண்ணடியில் நிலைகொண்டார்கள். அங்குள்ள மரைக்காயர் லெப்பைத் தெருவின் பெயரே அதற்குச் சாட்சி.

பினாங்கு 1786-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 'சூலியா' என்று அழைக்கப்பட்ட நம்மவர் உடனே அங்கு சென்றனர். அவர்களின் தலைவர் காதர் மைதீன் மரைக்காயர் 'கப்பித்தான் கெலிங்' என்ற பதவி பெற்றார். அப்பெயரால் 1801-இல் அமைந்த பள்ளிவாசல் இன்றும் பினாங்கின் அடையாளம். சிங்கப்பூர் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1826-இல் ஜாமிஆ சூலியா பள்ளியும், மறுஆண்டு அப்ரார் பள்ளியும் எழுந்தன. அப்ரார் பள்ளிக்கு நம்மவர் இட்ட பெயர் 'குச்சுப் பள்ளி'. முதலில் குடிசையாக இருந்ததால் அப்பெயர். செல்வர்கள் கட்டிய மாளிகைப் பள்ளி அல்ல. கூலியாட்களும் சிறு வணிகர்களும் கைக்காசு போட்டு எழுப்பிய கொட்டகை. நம் மஹல்லாவில் ஓலைக் கொட்டகையில் தொழத் தொடங்கிய பள்ளிகளை அறிந்த பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஜாமிஆ சூலியா பள்ளியின் அதே வீதியில் மாரியம்மன் கோயிலும் உள்ளது. தமிழர்கள் ஒரே கப்பலில் சென்று ஒரே தெருவில் தங்கள் தங்கள் வழிபாட்டிடங்களை அமைத்துக்கொண்டார்கள்.

1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நம் ஜமாஅத்தின் மூத்த குடும்பங்களில் ரஜூலா என்ற பெயரைக் கேட்டால் முகம் மலராதவர் இல்லை. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்கு உள்ளானது. அத்துடன் அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றுவிட்டது. இன்று காசிமேட்டுக் கரையில் நின்று பார்த்தால் கொள்கலன் கப்பல்கள் தெரிகின்றன. அவை ஓரிரு நாளில் சரக்கை இறக்கி ஏற்றிப் புறப்பட்டுவிடுகின்றன. மாலுமிகள் ஊருக்குள் வருவதே அரிது. காத்திருப்பு என்பது கடல் வணிகத்திலிருந்து மறைந்துவிட்டது.

ஒரு வேண்டுகோளை இங்கு முன்வைக்க விரும்புகிறோம். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். அதுவே அரபுத் தமிழ். காயல், கீழக்கரை, இலங்கை என்று கடற்கரையெங்கும் அது வழங்கியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) 'ஃபத்ஹுத் தய்யான்' முதலிய நூல்களை அந்த எழுத்தில்தான் இயற்றினார்கள். நம் பாட்டிமார் பலர் தமிழ் எழுத்து அறியாதவர்களாயினும் அரபுத் தமிழில் சரளமாகப் படித்தவர்கள். மார்க்கச் சட்டங்களையும் மாலைகளையும் வீட்டிலிருந்தே கற்றார்கள். மலாய் நாட்டிலிருந்து வந்த கடிதங்களும் வியாபாரக் கணக்குகளும்கூட இந்த எழுத்தில் இருப்பதுண்டு.

இவை இப்போது எப்படி அழிகின்றன தெரியுமா? மரியாதையினால் அழிகின்றன. வீட்டில் பெரியவர் மறைந்தபின் பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளைகள், அரபு எழுத்தைக் கண்டதும் கிழிந்த குர்ஆன் என்று எண்ணி, அதபோடு பள்ளிக்குக் கொண்டுவந்து புதைக்கச் சொல்கிறார்கள். அல்லது கடலில் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது தங்கள் கொள்ளுப்பாட்டியின் தமிழ் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே அப்படிப்பட்ட கிதாபுகளோ, கடிதங்களோ, ரஜூலா காலத்துப் பயணச் சீட்டுகளோ எவர் வீட்டிலாவது இருந்தால், புதைப்பதற்கு முன் ஒருமுறை நம்மிடம் காட்டிச் செல்லுமாறு ஜமாஅத்தார்களைக் கேட்டுக்கொள்கிறோம். குர்ஆன் பிரதியாக இருப்பின் உரிய கண்ணியத்தோடு அடக்கம் செய்வோம். அரபுத் தமிழாக இருப்பின் படித்துச் சொல்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நாம் பள்ளியில் இருப்போம். எந்த மத்ஹபின் அஸருக்குப் பின் வந்தாலும் சரியே.